வேகத்தைப் படம் பிடிக்க ஒரு கிராமச் சாலை

பினாங்கு என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? தண்ணீர்மலைக் கோயில், தைப்பூசம், கொடிமலை ரயில், நீண்ட பாலம். இவற்றையெல்லாம் பார்த்துவிட்டுப் பலர் ஊர் திரும்பிவிடுகிறார்கள். மலையைத் தாண்டி மேற்கே இறங்கினால் பாலிக் புலாவ் இருக்கிறது. மலாய் மொழியில் ‘தீவின் பின்புறம்’ என்று பொருள். டுரியான் தோப்பும் ஜாதிக்காய் மரமும் நெல்வயலுமாக, பட்டணத்துச் சத்தம் எட்டாத ஊர். லக்சா சாப்பிடவும் டுரியான் வாங்கவும் போகிறவர்கள் உண்டு. நீங்கள் கையில் ஒரு காமிராவோடு போய்ப் பாருங்கள். கார் பந்தயத்தைப் படம் எடுக்கும் வித்தையை அங்கே செலவில்லாமல் பழகலாம்!

பந்தயப் படங்களைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். கார் தெளிவாக இருக்கும். பின்னால் உள்ள மரமும் கூட்டமும் கோடு கோடாக இழுபட்டிருக்கும். பார்த்தாலே காற்று முகத்தில் அடிப்பது போல் தோன்றும். இந்த முறைக்குப் ‘பேனிங்’ என்று பெயர்.

சின்னக் கணக்கு ஒன்று பார்ப்போம். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரு விநாடியில் சுமார் 83 மீட்டர் ஓடும். காமிராவின் கதவு விநாடியில் 1000இல் ஒரு பங்கு நேரம் திறந்தால், அதற்குள் கார் 8 சென்டிமீட்டர்தான் நகரும். படம் தெளிவாக வரும். ஆனால் சக்கரம் சுற்றாதது போல, கார் நிறுத்தி வைத்தது போல இருக்கும். 60இல் ஒரு பங்கு நேரம் திறந்தாலோ கார் ஏறக்குறைய 1.4 மீட்டர் ஓடிவிடும். காமிரா அசையாமல் இருந்தால் வெறும் கலங்கல்தான் மிஞ்சும். காமிராவும் காரோடு அதே வேகத்தில் திரும்பினால்? கார் தெளிவாகும், பின்புறம் கோடாகும். இதுதான் ரகசியம்.

ரப்பர் மரம் வெட்டியவர்களுக்கு இது எளிதில் புரியும். கத்தி பட்டையில் ஓடும்போது கையும் காலும் சேர்ந்து மரத்தைச் சுற்றி நகர வேண்டும். பாதியில் தயங்கினால் வெட்டு ஆழமாகி மரத்தில் காயம் விழும். பேனிங்கிலும் பாதியில் நிற்கக் கூடாது. பொத்தானை அமுக்கிய பிறகும் உடம்பு வண்டியோடு திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

சரி, பழகுவது எப்படி? பாலிக் புலாவ் ஊரிலிருந்து வயல் பக்கமாகச் சுங்கை பூரோங் வரைக்கும் போனால் சமதளமான சாலைகள் கிடைக்கும். சாலையை விட்டு நன்றாக விலகி நில்லுங்கள். பாயா தெருபோங்கிலிருந்து ஏறி வரும் துன் சார்டோன் மலைச்சாலை வளைவுகள் நிறைந்தது. அங்கே ஓரத்தில் நின்று படம் எடுக்க வேண்டவே வேண்டாம்.

வண்டி உங்களுக்கு நேர் எதிரே வரும் இடத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பாதங்கள் அந்த இடத்தைப் பார்த்து இருக்கட்டும். இடுப்பை மட்டும் திருப்பித் தூரத்திலேயே வண்டியைப் பிடியுங்கள். கூடவே திரும்பி வாருங்கள். எதிரே வரும்போது மெல்ல அமுக்குங்கள். சைக்கிளுக்கு 30இல் ஒரு பங்கு, மோட்டார் சைக்கிளுக்கு 60இல் ஒரு பங்கு என்று தொடங்கலாம். கைப்பேசியிலும் பலவற்றில் இந்த நேரத்தை நாமே வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. உச்சி வெயிலில் படம் வெளுத்துவிடும். காலையும் மாலையும்தான் நல்லது. பின்புறம் வெறும் வானமாக இருந்தால் கோடு விழாது. தென்னை, வேலி, மரவீடு என்று ஏதாவது இருக்க வேண்டும். முதல் நாளில் இருபது படம் எடுத்தால் ஒன்று தேறுவதே பெரிய காரியம். சோர்ந்துவிடாதீர்கள். கிராமத்து மக்களைப் படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை.

கை பழகிய பின் செப்பாங் போகலாம். 1999இல் திறக்கப்பட்ட அந்தப் பந்தயத் தடம் 5.543 கிலோமீட்டர் நீளம், 15 வளைவுகள் கொண்டது. ஃபார்முலா ஒன் கார் பந்தயம் 2017இல் அங்கே கடைசியாக நடந்தது. கோயம்புத்தூர்க்காரரான நாராயண் கார்த்திகேயன் 2005இல் இதே தடத்தில் ஓட்டிப் பதினோராவதாக வந்தார். மோட்டோ ஜிபி மோட்டார் சைக்கிள் பந்தயம் இன்றும் நடக்கிறது. வளைவில் வேகம் குறையும். புதியவர் அங்கே தொடங்குவது நல்லது. பிறகு 125இல் ஒரு பங்கிலிருந்து மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்.

‘நமக்கு எதற்கு இந்த வித்தை?’ என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டு ஆல்பத்தைத் திறந்து பாருங்கள். கல்யாணம், காதுகுத்து, திருவிழா. எல்லாவற்றிலும் வரிசையாக, விறைப்பாக நிற்கிறோம். விடியலில் சைக்கிளை மிதித்து வேலைக்குப் போன அப்பாவின் படம் இருக்கிறதா? அவர் வாழ்நாளெல்லாம் ஓடியவர். படத்தில் மட்டும் நிற்கிறார்! மோட்டார் சைக்கிள் மோகத்தில் சாலையில் பறக்கத் துடிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், அவன் கையிலும் காமிராவைக் கொடுத்துப் பாருங்கள். அடுத்த பள்ளி விடுமுறையில் பாலிக் புலாவ் போகும்போது அவனையும் அழைத்துப் போங்கள். தம்பி சைக்கிள் ஓட்டட்டும், அண்ணன் படம் எடுக்கட்டும்.