கப்பல் கரை ஒதுங்கினால்...

வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் முடிந்ததும் சர்வதேச வர்த்தகச் சட்ட வகுப்புக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தைப் புரட்டுகிறேன். "ஏண்டி அம்மா, நீ என்ன கப்பலா விடப் போகிறாய்?" என்கிறார் என் மாமியார். கப்பல் விடாதவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது, சகோதரிகளே!

தஞ்சை ஜில்லாப் பண்டிதர் ஒருவர் கொடுத்த சுவடியை வைத்து, மைசூரில் ஆர். சாமசாஸ்திரி 1909-ல் பதிப்பித்த நூல் அது. புயலில் அடிபட்டு வரும் கப்பலைத் துறைமுக அதிகாரி தகப்பனைப்போல் ஆதரிக்க வேண்டுமாம். நனைந்துபோன சரக்குக்குச் சுங்கம் கிடையாது. அல்லது பாதிச் சுங்கம். எவ்வளவு இதமான சட்டம் என்று நினைத்துக்கொண்டே வட்டிப் பகுதிக்குப் போனால் தூக்கிவாரிப் போடுகிறது. சாதாரணக் கடனுக்கு மாதம் நூற்றுக்கு ஒன்றேகால். கடல் வியாபாரிக்கோ இருபது! கப்பல் திரும்பாவிட்டால் கடன் கொடுத்தவன் கதி என்ன என்ற பயந்தான்.

ராஜாக்கள் எல்லோரும் நூலைப் பார்த்தா ஆண்டார்கள்? ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளியில், காகதீய மன்னர் கணபதி தேவர் 1244-ல் பொறித்த சாசனம் ஒன்று இருக்கிறது. புயலில் ஒதுங்கிய கப்பல்களின் பொன், யானை, குதிரை எல்லாவற்றையும் முந்திய அரசர்கள் பறித்துக்கொண்டதை அது ஒளிக்காமல் சொல்கிறது. தாம் விதித்த சுங்கத்துக்கு மேல் எதையும் தொடுவதில்லை என்று அபயம் கொடுக்கிறார் கணபதி தேவர். சுங்கம் முப்பதில் ஒரு பங்கு. கருணையினால் செய்ததாகச் சாசனம் கூறுகிறது. இருக்கலாம். ஆனால் பறிக்கிற துறைமுகத்துக்கு மறு வருஷம் எந்தக் கப்பல் வரும்?

1947-ல் ஜெனீவாவில் இந்தியா உள்பட 23 நாடுகள் கையெழுத்திட்ட 'காட்' உடன்படிக்கையிலும் இதே சங்கதி உண்டு. ஒப்புக்கொண்ட பட்டியலுக்கு மேல் சுங்கம் கேட்பதில்லை என்பது வாக்கு. 1995-ல் பிறந்த உலக வர்த்தக ஸ்தாபனம் அந்த வாக்கைக் கண்காணிக்கிறது.

ஆனால் நனைந்த சரக்கு? எங்கள் தெரு மாமி ஒருத்தி நாலு பெண்களோடு அப்பளம் இட்டு வெளிநாட்டுக்கு அனுப்புகிறாள். ஒரு தடவை கடல் தண்ணீர் புகுந்து அத்தனையும் களியாகிவிட்டது. 'ஸி.ஐ.எப்.' முறையில், சரக்கு கப்பலேறியதுமே நஷ்டம் வாங்குகிறவரைச் சேரும். சட்டம் மாமி பக்கந்தான். ஆனால் வாங்கியவர் பணம் அனுப்பவில்லை. மாமி எந்தத் தேசத்துக் கோர்ட்டில் போய் நிற்பாள்? இன்ஷூரன்ஸோ 'ஸி' ஷரத்து. கப்பல் மூழ்கினால், தீப்பிடித்தால் பணம் உண்டு. வெறுமே தண்ணீர் புகுந்தால் இல்லை. குறைந்தபட்சம் அந்த ஷரத்தை எடுத்தாலே விற்பவர் கடமை தீர்ந்ததாம்!

கௌடில்யர் கதையைச் சொன்னேன். "அப்படி ஒரு அதிகாரி இருந்தால் அழைத்துவாயேன்" என்றாள் மாமி. நாலு பெண்களுக்கும் அந்த மாதக் கூலியைத் தன் வளையலை அடகு வைத்துக் கொடுத்தாள். இப்போதெல்லாம் பாதிப் பணம் முன்னதாக வராமல் அவள் வீட்டில் மாவு பிசைவதில்லை.