தீர்த்தம் வார்க்கும் கைகள்

அக்னி தீர்த்தமாகிய கடலில் மூழ்கி எழுந்து, ஈர உடையுடன் திருக்கோயிலினுள் சென்று, 22 தீர்த்தங்களிலும் நீராடி, உடை மாற்றியபின் இராமநாதசுவாமியைத் தரிசிப்பது இராமேசுவர யாத்திரையின் மரபு. கிணற்றுச் சுவரின்மேல் நின்று, கயிறு கட்டிய வாளியால் நீர் இறைத்து அடியார் தலையில் வார்ப்பவர்கள் எளிய தொழிலாளர்கள். ஊர் திரும்பியவர் நெஞ்சில் தீர்த்தங்களின் பெயர்கள் நிற்கும். வார்த்தவரின் முகம் நிற்பதில்லை.

2020 மார்ச்சில் பெருந்தொற்று பரவியபோது கோயில் நடை அடியார்க்கு அடைக்கப்பட்டது. நித்திய பூஜைகள் அடியார் இன்றியே நடந்தன. 1964-இல் தனுஷ்கோடியைக் கடல் கொண்ட துயரம் அறிந்த தீவு இது. அன்று காற்றும் அலையும் வந்து அழித்தன; இம்முறை எவரும் வாராமையே இடராயிற்று.

அவ்வாண்டு செப்டம்பரில் தமிழகத்துக் கோயில்கள் மீண்டும் திறந்தன. ஆயினும் தீர்த்தமாடுதற்கு அனுமதி கிடைக்க மேலும் பல மாதங்கள் ஆயின. சந்நிதி திறந்திருந்தது; கிணற்றடியில் வாளி அசையவில்லை. சுவாமியைக் கண்டு திரும்பியவர்க்கு யாத்திரை ஓரளவு நிறைவேறியது. நீர் இறைப்பவர் வீட்டு அடுப்புக்கோ அந்நாட்கள் கழிவது அரிதாயிற்று. தாம் வழிபட வரும் தலம் பிறர் குடியிருக்கும் ஊரும் ஆகும் என்பதை அடியாருக்கு உணர்த்திய காலம் அது.

இன்று கூட்டம் திரும்பிவிட்டது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, இரயில்கள் மீண்டும் தீவினுள் வருகின்றன. பிராகாரங்களில் ஈரக் காலடிகள் ஓய்வதில்லை. ஆனால் கூட்டம் பெருகுவது மட்டும் உறவாகிவிடாது. உடுத்திய துணியைக் கடலில் விட்டுச் செல்வது பாவம் போக்கும் என்று எண்ணுவோர் இன்னும் உளர். அத்துணி கரையில் ஒதுங்குகிறது. அதை அள்ளி அகற்றுபவர் அவ்வூராரே.

காசி யாத்திரையின் பழைய முறை ஒன்று உண்டு. சேதுவின் மணலைப் பிரயாகையில் சேர்த்து, கங்கை நீரைக் கொணர்ந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை முற்றுப்பெறும். கொண்டு சென்றவன் திரும்பக் கொணர வேண்டும் என்பதே அதன் நெறி.

அந்நெறி தலத்தில் வாழ்வோர்க்கும் பொருந்தும். தீர்த்தம் வார்ப்பவரிடம் கடிந்து பேசாமை, கடற்கரையைத் தூய்மையாக விட்டுச் செல்லுதல், சிறு வணிகரிடம் அளவிறந்து பேரம் பேசாமை ஆகியவை முதியோராலும் இயலும் தொண்டுகள். அடுத்த முறை தலையில் நீர் விழும்போது, ஒரு கணம் நிமிர்ந்து அதை வார்த்த கைகளையும் காண்பது நன்று.