நாச்சியார்கோவில் உலைப்புகை

கும்பகோணத்திலிருந்து திருவாரூர் சாலையில் கொஞ்ச தூரம் போனால் நாச்சியார்கோவில். கோவிலில் கல்கருடனைச் சேவிக்க வருகிறவர்களும் குத்துவிளக்கு வாங்க வருகிறவர்களும் கலந்து நிற்கிற ஊர். கடைவீதியின் பளபளப்பைத் தாண்டி ஒரு வார்ப்புப் பட்டறைக்குள் போனேன்.

முதலில் கண்ணில் பட்டது மண். காவிரி வண்டல். பிடித்தால் உருண்டையாக நிற்கிறது, விண்டால் பிசிறில்லாமல் இரண்டாகிறது. ஈரம் கூடிவிட்டால் கொதிக்கும் பித்தளை பட்டதும் ஆவி கிளம்பி வார்ப்பில் துளை விழும். குறைந்தால் அச்சே உதிரும். பதம் பார்க்கக் கருவி எதுவும் இல்லை, மூத்த பத்தரின் உள்ளங்கைதான். அடிபாகம், தண்டு, தட்டு, உச்சி அன்னம் என்று தனித்தனியே வார்த்து, கடைசல் பிடித்து, மரை போட்டு முறுக்கினால்தான் ஒரு விளக்கு.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. உப்புக்காற்றில் இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. தண்ணீர்க் குழாய்க்கும் துப்பாக்கித் தோட்டாவின் உறைக்கும் விளக்குக்கும் அதையே தேர்ந்தெடுக்கிறார்கள். கொஞ்சம் ஈயம் கலந்திருந்தால் கடைசலில் சீவல் நீளமாகச் சுருளாமல் பொடிப்பொடியாக உதிரும், வேலை சுலபம்.

சிக்கல் உலையில் இருக்கிறது. செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பழைய பித்தளையை மூசை என்கிற உருக்குக் கலத்தில் போட்டு உருக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் துத்தநாகம் காற்றோடு போகிறது. அதை ஈடுகட்டக் கடைசியில் தனியாகச் சேர்க்கிறார்கள். சேர்த்த நொடியில் குபுகுபுவென்று வெள்ளைப் புகை. துத்தநாக ஆக்சைடு அது. களிம்பாகத் தோலில் தடவினால் மருந்து, உலைப்புகையாக நெஞ்சுக்குள் போனால் காய்ச்சல்.

"ஞாயித்துக்கெழம லீவு விட்டு திங்கக்கெழம ஊத்துனா, சாயங்காலம் குளிரடிக்கும் சார். மறுநா சரியாயிடும்" என்றார் மூசையைத் தூக்கியவர். முகத்தில் ஒரு துண்டு மட்டும் கட்டியிருந்தார். "அண்ணே, டாக்டரப் பாத்தீங்களா?" என்றேன். "இதுக்கா?" என்று கேட்டுவிட்டு அடுத்த அச்சுப் பெட்டிக்கு நகர்ந்தார்.

அவர் சொன்னது மருத்துவம் அறிந்த உண்மை. தினமும் புகையில் நிற்கிற உடம்பு பழகிக்கொள்கிறது, ஒருநாள் ஓய்வில் அந்தப் பழக்கம் விட்டுப்போய்க் காய்ச்சல் திரும்புகிறது. துத்தநாகக் காய்ச்சல் மறுநாள் போய்விடும். ஆனால் அதே புகையில் ஈயமும் இருந்தால், அது எலும்பில் ஆண்டுக்கணக்கில் தங்கும். அந்த மனிதரின் நிதானமான பேச்சில் எனக்குக் கவலை தந்தது இதுதான்.

தேவை இவ்வளவுதான்: உலைக்கு மேல் ஒரு தகரக் கூண்டு, உறிஞ்சும் விசிறி, கூரைக்கு வெளியே குழாய், முகத்துக்குச் சரியான முகமூடி. கைக்கெட்டாத தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை இதில். புவிசார் குறியீடு பெற்ற விளக்கு இது. அந்தப் பெருமையில் பங்கு கொள்ளும் அரசும், விற்று லாபம் பார்க்கும் வியாபாரிகளும் சேர்ந்து, ஒவ்வொரு பட்டறைக்கும் இதைச் செய்துகொடுக்க வேண்டும். உலையில் நிற்பவர்களுக்கு ஆண்டுதோறும் ரத்தத்தில் ஈயப் பரிசோதனையும் இலவசமாக நடக்க வேண்டும்.