பழைய பிக்கப் வண்டியின் பம்பர்: ஒரு பூர்வீகத் தேடல்

அமெரிக்கச் சாலைகளில் இன்றும் ஓடும் 1960-களையும் 1970-களையும் சேர்ந்த பிக்கப் வண்டிகளில், அதாவது முன்னால் ஓட்டுநர் அறையும் பின்னால் திறந்த சரக்குத் தொட்டியும் கொண்ட சிறு சரக்கு வண்டிகளில், பம்பர் வளைந்துபோனால் அதைக் கழற்றி, இழுத்து நிமிர்த்தி, மறுபடியும் மாட்டிவிடும் வழக்கம் இன்னும் மறையவில்லை. அதற்கு வேண்டியவை ஒரு ஜாக்கி, ஒரு சங்கிலி, கேஸ் வெல்டிங் சுவாலை, நிதானமான கை ஆகியவையே. நெகிழி உறை போர்த்திய இன்றைய கார் பம்பருக்கு இந்த வைத்தியம் எதுவும் பலிக்காது. ஓர் எஃகுப் பட்டையும் அதைத் தாங்கும் இரண்டு கைகளும் சில போல்ட்டுகளும் மட்டுமே கொண்ட இந்த எளிமை எங்கிருந்து வந்தது என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி. பழைமைதான் காரணம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த விடை நிற்காது, ஏனெனில் பம்பரின் தொடக்ககால வடிவங்கள் பிற்காலப் பிக்கப் பம்பரைவிட மோதலை உள்வாங்குவதில் அதிகக் கருத்துச் செலுத்தி வடிவமைக்கப்பட்டவை.

தேடல் முதலில் ரயில் பெட்டிகளிடம் இட்டுச் செல்கிறது. ஐரோப்பிய ரயில் பெட்டிகளின் இரு முனைகளிலும் வில்லின் மேல் அமைந்த வட்ட இரும்புத் தட்டுகள் உண்டு. பெட்டிகள் ஒன்றையொன்று முட்டும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் இத்தட்டுகளைத் தமிழகத்து ரயில் நிலையங்களில் பழைய பெட்டிகளிலும் காணலாம். அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் நெசல்ஸ்டார்ஃப் என்று வழங்கிய, இன்று செக் குடியரசில் கோப்ரிவ்னிட்சே எனப்படும் ஊரில், ரயில் பெட்டி செய்துவந்த தொழிற்சாலை ஒன்று 1897-இல் பென்ஸ் எஞ்சினைப் பொருத்தித் தன் முதல் மோட்டார் வாகனத்தைக் கட்டியது. பிற்காலத்தில் டாட்ரா என்ற பெயரில் புகழடைந்த அந்நிறுவனத்தின் முதல் வண்டியான ‘பிரெசிடென்ட்’டின் முகப்பில் ஒரு தடுப்புச் சட்டம் இருந்தது, மோட்டார் வாகனத்தில் பம்பர் தோன்றிய முதல் இடமாகப் பெரும்பாலும் குறிப்பிடப்படுவது இதுவே. ரயில் பெட்டி செய்யும் கைகள் மோட்டார் வண்டிக்கும் முட்டுத்தாங்கி வைத்தது வியப்புக்குரியதன்று. மோதலைப் பற்றிய சிந்தனையைத் தெளிவாகக் காட்டும் அடுத்த சான்று இங்கிலாந்தில் கிடைக்கிறது. ஹாம்பர்க்கில் பிறந்தவரும், ராபர்ட் போஷுடன் சேர்ந்து எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ கருவியை வளர்த்தவருமான பிரெடெரிக் சிம்ஸ், 1905-இல் தம் சிம்ஸ்-வெல்பெக் காரின் முன்னால் காற்றடைத்த ரப்பர் பம்பரைப் பொருத்தினார். பம்பர் முட்டுவதற்கே உரியது, முட்டியபின் பழைய வடிவுக்குத் திரும்புவதற்கு உரியது என்ற கருத்து அப்போதே முழுமை பெற்றுவிட்டது எனலாம்.

அமெரிக்காவில் இக்கருத்து வில் எஃகின் வழியே பரவியது. வில் எஃகு என்பது வளைத்துவிட்டால் மீண்டும் நிமிரும்படி பதப்படுத்திய எஃகு. வண்டிகளின் பட்டைவில்கள் இந்த எஃகைக் கொண்டே செய்யப்படுகின்றன. 1928 மாடலாக வந்த ஃபோர்டு மாடல் ஏ காரின் முன்னால் இவ்வகை எஃகால் ஆன இரண்டு இணைப்பட்டைகள் பம்பராக நின்றன. மெல்லிய முட்டலில் அவை உள்வாங்கித் திரும்பிவிடும். 1930-களின் பிற்பகுதி முதல், பெரிய அச்சு இயந்திரங்களில் எஃகுத் தகட்டை அழுத்தி உருவாக்கிய அகன்ற ஒற்றைப் பம்பர்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. காரணம் தோற்றமே. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காலின் ஃபிங்க் 1920-களின் நடுப்பகுதியில் குரோமிய முலாம் பூசும் முறையைத் தொழிற்சாலைக்கு ஏற்றதாக்கியபின், வண்டியின் முகத்தில் மிகப் பெரிய பளபளப்பு எதுவென்றால் பம்பர்தான் என்ற நிலை வந்தது. போர்க்காலத்தில் உலோகங்களைச் சேமிக்க 1942 ஜனவரி முதல் கார்களின் பளபளக்கும் அணிகலன்களை அமெரிக்க அரசு தடுத்தபோதும் பம்பருக்கு விலக்கு இருந்தது. அழகுக்காக வில் இழக்கப்பட்டது என்பதே இக்கட்டத்தின் சாரம். அதை ஒரு பின்னடைவு என்றே கருத வேண்டியிருக்கிறது.

பிக்கப் வண்டியின் கதை இதிலும் வேறானது. ஃபோர்டு நிறுவனம் தொழிற்சாலையிலேயே சரக்குத் தொட்டி இணைத்த மாடல் டி வண்டியை 1925 ஏப்ரலில் 281 டாலருக்கு விற்கத் தொடங்கியது. பண்ணையாளரையும் கடைக்காரரையும் எண்ணிச் செய்த அந்த வண்டியில் வேலைக்கு உதவாத எதற்கும் இடமில்லை. அந்தச் சிக்கன மனப்பான்மை பல பத்தாண்டுகள் நீடித்தது. முன்பம்பர் வழக்கமாகிவிட்ட பின்பும், பல நிறுவனங்களின் பிக்கப் வண்டிகளில் பின்பம்பர் தனியே விலை கொடுத்து வாங்கவேண்டிய கூடுதல் பொருளாகவே 1980-கள் வரை இருந்தது. வாங்கியவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுத்தது படிப்பம்பர். தொட்டியில் ஏறக் கால்வைக்கும் படியும், இழுவை வண்டியைக் கோக்கும் குண்டைப் பொருத்தத் துளையும் அதில் உண்டு. ஆகவே பிக்கப்பின் பம்பர் ஒரே நேரத்தில் படியாகவும், கொக்கியாகவும், ஜாக்கி தாங்கும் இடமாகவும் பயன்பட்டது. மோதலை வாங்குவது அதன் வேலைகளில் ஒன்று மட்டுமே, அதுவும் முதன்மையானதன்று.

தேடலின் திருப்பம் சட்டத்தில் இருக்கிறது. மெல்ல முட்டினாலே விளக்கும் ரேடியேட்டரும் உடைந்து செலவு வைக்கும் கார்களைப் பற்றி 1960-களின் இறுதியில் அமெரிக்காவில் காப்பீட்டுத் துறையினர் கடுமையாக முறையிட்டனர். அதன் விளைவாக வந்த 215-ஆம் எண் பாதுகாப்பு விதி, 1973 மாடல் கார்கள் முன்னால் மணிக்கு 5 மைல் வேகத்திலும் பின்னால் 2.5 மைல் வேகத்திலும் சுவரில் முட்டினால் விளக்கு, எரிபொருள் அமைப்பு, குளிரூட்டும் அமைப்பு முதலியவை பழுதாகக் கூடாது என்றது. அடுத்த ஆண்டு பின்புறத்துக்கும் 5 மைல் ஆயிற்று. 1972-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் வாங்குவோரின் பழுதுச் செலவைக் குறைப்பதையே நோக்கமாக வைத்தது. விதியை நிறைவேற்றக் கார்களின் பம்பருக்குப் பின்னால் எண்ணெயும் வாயுவும் அடைத்த அதிர்வுதாங்கிகள் வந்தன. பிறகு நுரைத் திண்டும் நெகிழி உறையும் வந்தன. 1982-இல் வேக வரம்பு மீண்டும் 2.5 மைலாகக் குறைக்கப்பட்டாலும் அந்த அமைப்பு மறையவில்லை. இவ்விதிகள் எதுவும் பிக்கப் வண்டிகளுக்குப் பொருந்தவில்லை, இன்றும் பொருந்துவதில்லை. இக்கட்டுரையின் கேள்விக்கு விடை இங்கேதான் கிடைக்கிறது: கார் பம்பரைச் சிக்கலாக்கிய சட்டம் பிக்கப்பைத் தொடாமல் விட்டதால், அச்சில் அழுத்திய எஃகுப் பட்டையும் போல்ட்டு இட்ட கைகளும் அங்கே அப்படியே தங்கிவிட்டன. பழுதுபார்க்க எளிதாக இருப்பதும் அதனால்தான். முட்டலின் விசையை நேரே வண்டியின் எலும்புக்குக் கடத்துவதும் அதனால்தான்.

அந்த எலும்பு ஏணிச் சட்டகம் எனப்படும். வண்டியின் நீளத்துக்கு ஓடும் இரண்டு எஃகுத் தண்டுகளையும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களையும் கொண்டது அது. தண்டுகளின் முன்முனைகளில், கொம்பு என்று தொழிலாளர் சொல்லும் பகுதியில், பம்பரின் கைகள் மாட்டப்படுகின்றன. அதிர்ச்சியை வாங்க நடுவே எதுவும் இல்லாததால், பட்டை வளைந்திருந்தால் கையும், கை வளைந்திருந்தால் கொம்பும் வளைந்திருக்க வாய்ப்புண்டு. அந்நாளைய அமெரிக்கப் பிக்கப்கள் பலவற்றில் ஸ்டியரிங் பெட்டி இடப்பக்கத் தண்டில், கொம்பிலிருந்து அதிகத் தொலைவில்லாமல் பொருத்தப்பட்டிருக்கிறது. 1973 முதல் 1987 வரை வந்த செவ்ரொலே நான்கு சக்கர இயக்கப் பிக்கப்களில் அந்த இடத்தில் தண்டு வெடிப்பது பழுதுபார்ப்போர் நன்கறிந்த குறை. ஆகையால் பம்பரைக் கழற்றியதும் செய்யவேண்டிய முதல் வேலை, கொம்புகளின் உயரத்தை ஒப்பிடுவதும், சட்டகத்தின் மூலைவிட்ட அளவுகளை நாடாவால் எடுத்து இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதும், ஸ்டியரிங் பெட்டியைச் சுற்றி அழுக்கைத் துடைத்து வெடிப்பைத் தேடுவதும் ஆகும். இதைத் தவிர்த்துப் பட்டையை மட்டும் நேராக்கிய பழுது, கோணல் கொம்பில் நேரான பம்பரைத் தொங்கவிட்ட பழுதாகவே முடியும். கைகளில் உள்ள நீள்துளைகள் சிறு ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய வைக்கப்பட்டவை. அவற்றின் எல்லைவரை நகர்த்தித்தான் பம்பரை மட்டப்படுத்த முடிகிறதென்றால் கொம்பு வளைந்திருப்பதற்கு அதுவே அறிகுறி.

நிமிர்த்தும் வேலையின் அடிப்படை எஃகின் இயல்பில் இருக்கிறது. மென் எஃகுத் துண்டு ஒரு மீட்டர் நீளமிருந்தால், இழுக்கும்போது ஏறத்தாழ ஒன்றேகால் மில்லிமீட்டர் நீளும் வரை, விட்டவுடன் பழைய அளவுக்குத் திரும்பும். அந்த எல்லையைக் கடந்தால் உருமாற்றம் நிலைத்துவிடும். வளைந்த பம்பரில் மடிப்பின் ஓரம் மட்டுமே இந்த எல்லையைக் கடந்திருக்கும். மற்ற பகுதிகள் மடிப்பால் பிடித்துவைக்கப்பட்டு இழுபட்ட நிலையில் நிற்கும். மடிப்பு தளர்ந்தால் அவற்றில் பெரும்பகுதி தானே திரும்பும். ஆனால் மடிந்த உலோகம் முன்னைவிட இறுகியிருக்கிறது. மடித்த கம்பியைக் கையால் நிமிர்த்தும்போது மடிப்பு அசையாமல் அதன் பக்கத்தில் புது வளைவு விழுவதைப் போல, பம்பரிலும் கண்ட இடத்தில் தள்ளினால் மடிப்புக்கு அருகே புதிய அலைதான் விழும். எனவே விசையை மடிப்பின் மேலேயே குவிக்கவேண்டும்: பின்புறத்தில் ஜாக்கியை வைத்து, முன்புறத்தில் மடிப்பின் இரு பக்கமும் கட்டை முட்டுக்கொடுத்து, மோதல் வந்த திசைக்கு நேர் எதிராகத் தள்ளுவது, கடைசியில் உண்டான மடிப்பை முதலில் எடுப்பது, எஃகு சற்றுப் பின்வாங்கும் என்பதால் நேர்கோட்டைத் தாண்டிச் சிறிது அதிகமாகத் தள்ளுவது. தள்ளிப் பிடித்தபடியே மடிப்பைச் சுற்றிச் சுத்தியலால் தட்டினால் உள்ளே சிக்கிய இறுக்கம் கலைகிறது. இந்தத் தட்டு பழைய கொல்லர் பட்டறையிலிருந்து வந்தது. ஜாக்கியின் துணையின்றித் தட்டினால் தகடு நீண்டு புடைக்குமே தவிர நிமிராது.

சூடு கொடுப்பது பற்றித் தவறான எண்ணங்கள் பல உண்டு. ஆக்சிஜன்-அசெட்டிலீன் சுவாலையின் வெப்பம் 3,000 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதால், மடிப்பின் ஓரத்தை மட்டும் சில நொடிகளில் மங்கிய சிவப்புக்கு, அதாவது 600 டிகிரிக்கு மேல், கொண்டுவரமுடியும். அந்நிலையில் இறுகிய எஃகு மீண்டும் இளகுகிறது. ஆனால் 200 முதல் 300 டிகிரி வரையிலான இடைநிலையில், எஃகின் மேல் நீல நிறம் படரும் கட்டத்தில், அது குளிர்ந்த நிலையைவிட அதிகமாக நொறுங்கும் தன்மை பெறுகிறது. ஆதலால் முற்றும் குளிர்ந்த நிலையில் வேலை செய்யவேண்டும், அல்லது சிவக்க வைத்துச் செய்யவேண்டும். ‘கொஞ்சம் சூடு காட்டி’ அடிப்பதுதான் விளிம்பில் கிழிவதற்குப் பெரிதும் காரணமாகிறது. துத்தநாகம் பூசிய பம்பரில் சுவாலை பட்டால் எழும் வெள்ளைப் புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் தரும். பூச்சைத் தேய்த்து அகற்றாமல் அதைச் சூடாக்கக் கூடாது. பம்பரில் சங்கிலியைக் கட்டி மரத்தில் மாட்டி வண்டியைப் பின்னோக்கிச் செலுத்துவது நாட்டுப்புறத்தில் வழங்கும் முறை. அது சில சமயம் பலிக்கிறது என்பது உண்மையே. ஆயினும் அறுந்த சங்கிலி ஆளைக் கொல்லும் என்பதும், இழுப்பின் விசை கொம்புகளையும் சேர்த்து வளைக்கும் என்பதும் அதைவிட எடை கூடிய உண்மைகள். கழற்றிய பம்பரைத் தரையில் வைத்து ஜாக்கியால் வேலை செய்வதே ஏற்கத்தக்கது.

வண்ணம் பூசிய பம்பருக்கு இத்துடன் வேலை முடியும். குரோமியம் பூசியதற்கு முடியாது. பளபளப்பாகத் தெரியும் குரோமியப் படலம் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த தடிப்புடையது, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்தது. துருவைத் தடுப்பது அதன் கீழுள்ள பன்மடங்கு தடித்த நிக்கல். வளைவிலும் நிமிர்விலும் இவ்விரண்டும் கீறல் விடுகின்றன, கீறல் வழியே நீர் எஃகை அடைகிறது. எனவே நிமிர்த்திய பம்பரை முலாம் பட்டறையில் பழைய பூச்சு நீக்கி, தேய்த்து, செம்பு பூசிக் குழிகளை நிரப்பி மெருகேற்றி, நிக்கலும் குரோமியமும் மறுபடி பூசுகிறார்கள். இதில் பயன்படும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். கலிஃபோர்னியாவின் காற்று வள வாரியம் 2023-இல் எடுத்த முடிவின்படி அலங்கார முலாம் பட்டறைகள் 2027 முதல், நிபந்தனைகளுக்கு உட்பட்ட சிலவற்றுக்கு 2030 முதல், அப்பொருளைக் கைவிடவேண்டும். மூன்று இணைதிறன் குரோமியம் அதற்கு மாற்றாக உள்ளது. அதன் சாயல் சற்று வேறுபடுவதால் பழைய வண்டி ஆர்வலர் சிலர் தயங்குகின்றனர். பட்டறைத் தொழிலாளரின் உயிரோடு ஒப்பிட்டால் அந்தச் சாயல் வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. பழைய பிக்கப்பை வைத்திருப்போர் வளைந்த மூல பம்பரைப் பழைய இரும்புக்குப் போடாமல் நிமிர்த்திக்கொள்ளட்டும். முலாம் பூசும் நேரம் வரும்போது மாற்று முறையைக் கேட்டு வாங்கட்டும்.