பெயரில்லாத ஆன்டெனாவை அளந்து அறிபவர்கள்

சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய சந்தில், மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்னப் பட்டறை. ஆன்டெனா செய்வதும் பழுது பார்ப்பதும் தொழில். நான் போனபோது, காயலான் கடையில் எடைக்கு வாங்கிய அலுமினிய ஆன்டெனா ஒன்று தரையில் கிடந்தது. நீளத் தண்டு, அதில் குறுக்காக ஐந்து குழாய்கள். கம்பெனிப் பெயரோ அலைவரிசை எண்ணோ எங்கும் இல்லை.

தூர்தர்ஷன் காலத்திலிருந்தே மொட்டைமாடி ஏறி இறங்கிய பெரியவர்தான் பட்டறைக்காரர். “கேபிள் சேருற குழாயை மொதல்ல அள, தம்பி” என்றார். உதவிக்கு இருந்த இளைஞர் டேப்பை நீட்டினார். 98 சென்டிமீட்டர். அதற்குப் பின்னால் இருந்த குழாய் சற்று நீளம், முன்னால் இருந்த மூன்றும் குட்டை. பின்குழாய் அலையைத் திருப்பும், முன்குழாய்கள் அதை ஒரே திசையில் கூட்டிச் செல்லும். ஜப்பானின் உடாவும் யாகியும் 1926இல் வெளியிட்ட அமைப்பு இது.

கணக்கு எளிது. கேபிள் சேரும் குழாய், அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதி. 143ஐ மீட்டர் கணக்கிலான நீளத்தால் வகுத்தால், தோராயமாக மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். இங்கே 146. சென்னையின் பழைய தூர்தர்ஷன் ஆன்டெனா என்றால் குழாய் இரண்டு மீட்டரைத் தாண்டும். 101.4 எஃப்.எம்.முக்கு 1.41 மீட்டர். படகுகளின் அவசர அழைப்பு அலைவரிசையான 156.8க்கு 91 சென்டிமீட்டர். 98 என்பது, பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்களுக்கான 144 முதல் 146 வரையிலான ஹாம் ரேடியோ பட்டையை ஒட்டியே வருகிறது.

“அண்ணே, ஷார்ட் காட்டுது” என்றார் மல்டிமீட்டரைப் பிடித்திருந்த இளைஞர். கனெக்டரின் நடுமுள்ளும் வெளிக்கூடும் ஒட்டியிருப்பதாகக் காட்டியது மீட்டர். பெரியவர் பதறவில்லை. கேபிள் சேரும் குழாய், மடித்து வளைத்த ஒரே துண்டாக இருந்ததைத் தொட்டுக் காட்டினார். நேர்மின்னோட்டத்துக்கு அது ஷார்ட். ரேடியோ அலைக்கு அப்படியில்லை. மீட்டரை மட்டும் நம்பி நல்ல ஆன்டெனாவைத் தூக்கி எறிபவர்கள் உண்டு என்றார்.

அடுத்து கிளாம்ப். அது தண்டின் நடுவில் இல்லை, பின்முனையில் இருந்தது. கம்பம் குழாய்களுக்கிடையே குறுக்கிடாமல், அவற்றைச் செங்குத்தாக நிறுத்துவதற்கான ஏற்பாடு. டிவி ஆன்டெனாவில் குழாய்கள் பெரும்பாலும் கிடையாகத்தான் இருக்கும். கனெக்டரும் டிவிக்கான 75 ஓம் வகை அல்ல, 50 ஓம் வகை. குழாயின் நீளம், கிளாம்ப், கனெக்டர் என மூன்று தடயங்களும் ஹாம் ரேடியோவையே சுட்டின.

கடைசிச் சோதனை மொட்டைமாடியில். சுவரும் தகரமும் பக்கத்தில் இருந்தால் அளவு பிசகும். ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் உள்ளங்கை அளவுக் கருவியைக் குட்டைக் கேபிளில் இணைத்தார் இளைஞர். நீளக் கேபிள் சிக்னலை விழுங்கி, கெட்ட ஆன்டெனாவையும் நல்லதாகக் காட்டிவிடும். திரையில் கோடு 145க்கு அருகே ஆழமாக இறங்கியது. ஐயம் தீர்ந்தது. இந்தச் சோதனை செய்யாமல் சிக்னல் அனுப்பினால், திரும்பி வரும் சக்தி டிரான்ஸ்மிட்டரையே கெடுக்கக்கூடும். ஹாம் பட்டையில் பேச அரசு உரிமமும் வேண்டும்.

டேப், கணக்கு, கண் மூன்றையும் சேர்த்துப் படிக்கிற இந்த அறிவு பெரும்பாலும் இப்படிப்பட்ட பட்டறைகளில்தான் கைமாறுகிறது. ஐ.டி.ஐ.களும் பாலிடெக்னிக்குகளும் இவர்களை அழைத்து மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்ல வேண்டும். ஆன்டெனா செய்பவர்கள் அலைவரிசையைத் தண்டிலேயே பொறிக்கட்டும். பெயரில்லாத ஒன்று உங்கள் வீட்டில் கிடந்தால், எடைக்குப் போடுமுன் ஒருமுறை அளந்து பாருங்கள்.