சோழியில் பிடித்த கிரகணம்

கூட்டேரிப்பட்டு கூட்டு ரோட்டில், மயிலம் வழியாகப் புதுச்சேரி போகும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பெட்டிக்கடையில் தொங்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் புரட்டுவேன். ராகு காலம் பார்க்க இல்லை. அந்தச் சாணித்தாள் புத்தகத்துக்குப் பின்னால் ஒரு விசித்திரமான கண்டுபிடிப்பு இருக்கிறது. நடந்ததும் இந்த ரோடு போய்ச் சேருகிற ஊரில்தான்.

அதைக் கண்டவர் ஜான் வாரன். பிறப்பால் பிரெஞ்சுக்காரர், பட்டாளத்தில் ஆங்கிலேயர் பக்கம். கோலார் மண்ணில் தங்கம் இருப்பதை 1802இல் பார்த்துச் சொன்னவரும் அவரே. அது தனிக் கதை. புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைக் கிரகணம் கணித்துக் காட்டச் சொன்னார். அவர் தரையில் சோழிகளை வைத்தார், நகர்த்தினார், எடுத்தார். வாய்பாடு முழுக்க மனப்பாடம். 1825 மே 31 இரவுச் சந்திர கிரகணத்துக்கு அவர் சொன்ன நேரம் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும்தான் பிசகியது. இத்தனைக்கும் வானியல் கோட்பாடு அவருக்கு ஒன்றும் தெரியாது.

அந்த வாய்பாட்டுக்குப் பெயர்தான் வாக்கியம். எழுத்துக்கு ஓர் எண். முதல் வாக்கியத்தைப் பின்னாலிருந்து எண்ணாக்கினால் 1203 வரும்: முதல் நாளில் சந்திரன் நகர்வது 12 பாகை 3 கலை. இப்படி 248 நாளுக்கு 248 வாக்கியம். அதென்ன 248? சந்திரன் பூமியை விட்டு மிகத் தள்ளிப்போகும் இடத்துக்கு ஒன்பது முறை திரும்பி வர ஏறத்தாழ அத்தனை நாள் ஆகிறது.

1952இல் ஆட்டோ நியூகெபாவர் என்ற வரலாற்றறிஞர் தமிழ் வானியல் பற்றி எழுதிய கட்டுரையில் இந்த 248ஐப் பாபிலோனியக் களிமண் பலகைகளில் வரும் அதே எண்ணோடு சேர்த்துப் பார்த்தார். அவை கிறிஸ்துவுக்கு முந்தியவை! முன்னோர் அனைத்தும் அறிந்தவர்கள் என்று மார்தட்டுகிறவர்களுக்கு இது ருசிக்காது. எனக்கோ, யாரோ எங்கோ எண்ணிய எண், ஏனென்று தெரியாதவர்கள் வாயிலும் சிதையாமல் வந்ததுதான் பெரிய அதிசயம்.

வாக்கியம் இன்னும் ஓய்வு பெறவில்லை. இன்னொரு பஞ்சாங்க முறையான திருக்கணிதப்படி 2025 மார்ச் 29இல் சனிப்பெயர்ச்சி என்று ஊரே பரபரத்தபோது, திருநள்ளாறு கோயில், வாக்கியப்படி அது 2026இல்தான் என்று சொல்லிவிட்டது. பரிகாரத்துக்குப் பணம் கட்டியிருந்த எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தேதியையும் குறித்து வைத்துக்கொண்டார்.