எங்கள் ஆறு எங்கே பிறக்கிறது?

"உங்கட ஆறு எங்க பிள்ளை பிறக்குது?" பரமட்டா ஆற்றங்கரையில் நடந்தபோது அம்மம்மா கேட்டார். ஹரிஸ் பார்க்கில் வளர்ந்த எனக்குப் பதில் தெரியவில்லை.

அம்மம்மாவின் யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறே இல்லை. மழைக்காலத்தில் மட்டும் வழுக்கையாறு ஓடும். அதனால் ஆறு என்றால் அவருக்கு ஆசை.

அடுத்த சனிக்கிழமை வரைபடத்துடன் கிளம்பினோம். டூங்காபி ஓடையும் டார்லிங் மில்ஸ் ஓடையும் சேரும் இடத்தில்தான் பரமட்டா ஆறு தொடங்குகிறது. டூங்காபி வீடுகளுக்கு நடுவே வருகிறது. டார்லிங் மில்ஸ் வடக்கே மேட்டுநிலத்தில் தொடங்கி, பிஜிகல் காட்டின் மணற்பாறைகளுக்கு இடையே இறங்குகிறது. எக்செல்சியர் ஓடையும் ஹன்ட்ஸ் ஓடையும் வழியில் அதில் கலக்கின்றன. ஹன்ட்ஸ் ஓடையை மறித்து 1856இல் கட்டிய அணையால் உண்டானதுதான் பரமட்டா ஏரி. காட்டுக்குள் நீர் குளிர்ந்திருந்தது. அம்மம்மா கால் நனைத்தார்.

கடலில் பிறக்கும் விலாங்குக் குஞ்சுகள் இந்த ஆற்றில் ஏறி ஓடைகளுக்கு வருகின்றன. வளர்ந்தபின் முட்டையிடப் பவளக் கடல் பக்கம் திரும்பிப் போகின்றன. பரமட்டா என்ற பெயர் இந்த நிலத்தின் ஆதிக்குடிகளான பர்ரமட்டகல் மக்களின் பெயரிலிருந்து வந்தது. விலாங்குகள் படுத்திருக்கும் இடம் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள்.

திரும்பி வரும்போது, ஹரிஸ் பார்க்கின் கொங்கிரீட் வாய்க்காலைக் காட்டி அம்மம்மா கேட்டார்: "இதுவும் ஆத்துக்கோ போகுது?"

ஓம். அதன் பெயர் கிளே கிளிஃப் ஓடை. சிறுவயதில் அதைச் சாக்கடை என்று நினைத்து சிப்ஸ் பைகளை எறிந்திருக்கிறேன். அவை விலாங்குகளிடம் போயிருக்கும்.

உங்கள் வீட்டருகே ஓடும் வாய்க்காலுக்கும் பெயர் இருக்கலாம். தேடிப் பாருங்கள்.